புகைபிடிப்பதை விடுவோருக்குத் துணையும் ஊக்கமும்: கோலார் தங்கவயலை முன்னிட்டுச் சில குறிப்புகள்

புகைபிடிப்பது உடலுக்குக் கேடு விளைவிக்கும் என்பதை இன்று அறியாதார் மிகச் சிலரே. 2016-17ஆம் ஆண்டில் இந்திய அரசின் சார்பில் நடைபெற்ற வயது வந்தோர் புகையிலை ஆய்வின்படி, நம் நாட்டில் புகைபிடிப்போரில் நூற்றுக்கு 55 பேர் அப்பழக்கத்தை விட்டுவிடத் திட்டமிட்டோ, அதுபற்றி எண்ணிக்கொண்டோ இருந்தனர். நூற்றுக்கு 38 பேர் அதற்கு முந்தைய 12 மாதங்களில் ஒருமுறையேனும் விட முயன்றும் பார்த்திருந்தனர். எனவே, தீமையை எடுத்துரைப்பதுடன் நம் பணி முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. விட விரும்புவோர் பலர், முயல்வோரும் பலர், விட்டு நிலைத்தவர்களே சிலர். எவருடைய உதவியுமின்றித் தாமாகவே விட முயல்வோருள், ஓராண்டு கழிந்த பின்னும் புகைபிடிக்காமல் இருப்பவர் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே என ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

இவ்வெண்ணிக்கையைக் கண்டு சோர்வு கொள்ள வேண்டியதில்லை. தக்க துணையும் மருத்துவ உதவியும் கிடைக்குமாயின் இது பல மடங்கு உயரக்கூடும். அத்துணை யாது, அது எவ்வாறு பயன்படுகிறது, களப்பணியாளரும் ஆசிரியரும் அதனை எங்ஙனம் அளிக்கலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொதுவான விதிகளை மட்டும் கூறினால் அவை ஏட்டளவில் நின்றுவிடும். ஆகையால், தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கோலார் தங்கவயலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். புகைபிடிப்பதை விடுவது அங்கே ஏனைய ஊர்களைவிட அவசரமான காரியமாகும். அதற்குரிய காரணத்தை முதலில் காண்போம்.

தங்கவயலும் நுரையீரலும்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நவீன முறையில் சுரங்கத் தொழிலை நடத்தலாயினர். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அங்குக் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரே அங்குப் பெரும்பான்மையினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் சுரங்கத்தில் உழைத்தோரும் அவர்தம் மக்களும் இன்றும் அவ்வூரிலேயே வாழ்கின்றனர்.

தங்கவயலில் பொன் தனியே கிடைப்பதன்று. அது குவார்ட்ஸ் எனப்படும் வெண்கற்பாறையினூடே நுண்ணிய அளவில் கலந்துள்ளது. அப்பாறையைத் துளையிடும்போதும், வெடிவைத்துத் தகர்க்கும்போதும், அரைக்கும்போதும் சிலிகா என்னும் கல்தூசி எழுகின்றது. கண்ணுக்குப் புலனாகும் பருந்தூசி மூக்கிலும் தொண்டையிலுமே பெரும்பாலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியோ நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று படிகின்றது. அங்கே அதனை விழுங்கி அழிக்க முற்படும் பாதுகாப்பு உயிரணுக்கள் தாமே மடிகின்றன. அவ்விடத்தில் தழும்பு போன்ற நார்த்திசு வளர்கின்றது. இவ்வாறு நுரையீரல் நாளடைவில் இறுகிப்போவதே சிலிகோசிஸ் என்னும் நோயாகும். தங்கவயல் தொழிலாளரிடையே இந்நோய் பற்றி 1940-களிலேயே விரிவான மருத்துவ ஆராய்ச்சிகள் நடைபெற்றன. நீர் பாய்ச்சித் துளையிடும் முறை போன்றவை தூசியை வெகுவாகக் குறைத்தன. எனினும், ஒருமுறை உட்சென்று தங்கிய தூசியை வெளியேற்ற மருந்தில்லை. சுரங்க வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்நோய் தோன்றவும் முற்றவும் கூடும்.

இத்தகைய நுரையீரலில் பீடிப்புகையும் சேருமாயின் என்ன நிகழும்? மூச்சுக்குழாயின் உட்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிய உறுப்புகள் இடைவிடாது அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. புகை இவற்றைச் செயலிழக்கச் செய்கின்றது. வீட்டைப் பெருக்கும் கை ஓய்ந்துவிட்டால் குப்பை சேர்வது போன்றதே இது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே நடத்தப்பெற்ற ஆராய்ச்சிகளில், தூசியும் புகையும் சேர்ந்து மூச்சுக்குழாய் அடைப்பு நோயில் விளைவிக்கும் கேடு, அவை இரண்டும் தனித்தனியே விளைவிக்கும் கேடுகளின் கூட்டுத் தொகையைவிட மிகுதி எனத் தெரியவந்தது.

காசநோயும் இவ்வாறே. சிலிகா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். புகைபிடிப்பது அவ்வபாயத்தை மேலும் வளர்க்கும். தமிழ்நாட்டில் இறந்துபோன ஏறத்தாழ 43,000 ஆண்களைப் பற்றித் திரட்டிய செய்திகளை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. நகர்ப்புறத்தில் புகைபிடித்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைபிடிக்காதவர்களைவிட நான்கு மடங்கிற்கும் மேற்பட்டிருந்ததாக அவ்வாய்வு காட்டிற்று.

சுரங்கம் மூடப்பட்டபோது 30 வயதினராக இருந்த ஒருவருக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. ‘இந்த வயதில் விட்டு என்ன பயன்?’ என்று அவர் கேட்கலாம். இதற்கு விடை உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆராய்ச்சியின்படி, 50 வயதில் சிகரெட்டை விட்டோர் விடாதவர்களைவிடச் சராசரியாக 6 ஆண்டுகளும், 60 வயதில் விட்டோர் 3 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்தனர். இழந்த நுரையீரல் ஆற்றல் முழுமையாக மீளாது என்பது உண்மை. ஆயினும், மேற்கொண்டு இழக்கும் வேகம் தணிகின்றது. படியேறும்போது மூச்சிரைக்கும் ஒருவருக்கு இது சிறிய ஆதாயமன்று. கல்தூசியை நாம் இனி எடுத்தெறிய இயலாது. புகையை நிறுத்த இயலும்.

பழக்கம் பிடித்துக்கொள்ளும் விதம்

துணை எவ்வாறு பயன்படுகிறது என்பதை உணர, பழக்கம் எவ்வாறு ஏற்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். புகையிலையில் நிகோடின் என்னும் பொருள் உள்ளது. புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 வினாடிகளுக்குள் அது மூளையை அடைகின்றது. அங்கே டோபமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கச் செய்து, சிறிது நேரம் இன்ப உணர்வையும் சுறுசுறுப்பையும் அளிக்கின்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோடினின் அளவு பாதியாகக் குறைகின்றது. உடனே உடல் மறுபடியும் அதனை நாடுகின்றது. நாளடைவில், இன்பத்தை நாடிப் பிடிப்பது போய், துன்பத்தைத் தவிர்க்கப் பிடிப்பது என்னும் நிலை வந்துவிடுகின்றது.

பீடி சிறியது, அதிலுள்ள புகையிலையும் குறைவு, ஆகவே தீங்கும் குறைவு என்னும் எண்ணம் நம் மக்களிடையே பரவலாக உள்ளது. இது தவறாகும். பீடி அணையாதிருக்க வேண்டுமாயின் அதனை அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. ஆகையால் பீடி பிடிப்பவர் உட்கொள்ளும் நிகோடினும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட் பிடிப்பவர் உட்கொள்வதற்குக் குறைந்தவையல்ல.

உடலின் நாட்டம் ஒருபுறமிருக்க, சூழ்நிலையின் பிடியும் உண்டு. காலைத் தேநீர், உணவுக்குப் பின் கிடைக்கும் ஓய்வு, வேலை முடிந்து நண்பர்களுடன் நிற்கும் தெருமுனை, மது அருந்தும் வேளை ஆகிய ஒவ்வொன்றும் மூளையில் புகையுடன் பிணைக்கப்பட்டுவிடுகின்றது. நெருப்புக் கேட்டுப் பெறுவதும், ஒரு கட்டிலிருந்து இருவர் எடுத்துக்கொள்வதும் தோழமையின் அடையாளங்களாகிவிடுகின்றன. இவ்வாறு பழக்கத்தின் ஒரு பாதி உடலிலும் மறுபாதி கூட்டத்திலும் வேரூன்றியுள்ளது. மன உறுதியை மட்டும் நம்பித் தனியே விட முயல்வோர் பலர் தோல்வியுறுவதற்கு இதுவே காரணம். கூட்டத்தில் வேரூன்றியதைக் களையவும் கூட்டத்தின் உதவி வேண்டும்.

துணையின் வலிமை

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்னும் ஊரில் 1948 முதல் மக்களின் இதய நலம் பற்றிய நீண்டகால ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. அதில் பங்கேற்ற 12,067 பேரிடையே 1971 முதல் 2003 வரை புகைபிடிக்கும் பழக்கம் எவ்வாறு மாறியது என்பதை இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கணவனோ மனைவியோ புகைபிடிப்பதை விட்டபோது, மற்றவர் புகைபிடிக்கும் வாய்ப்பு 67 சதவிகிதம் குறைந்தது. நண்பர் ஒருவர் விட்டபோது 36 சதவிகிதமும், உடன்பிறந்தவர் விட்டபோது 25 சதவிகிதமும், சிறிய தொழிலகங்களில் உடன் வேலை செய்பவர் விட்டபோது 34 சதவிகிதமும் அவ்வாய்ப்பு குறைந்தது. மக்கள் ஒருவர் ஒருவராக அன்றி, கூட்டம் கூட்டமாகவே பழக்கத்தை விட்டனர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

துணையின் வலிமைக்கு நம் நாட்டிலேயே வேறொரு சான்று உண்டு. அது காசநோய்ச் சிகிச்சையைச் சார்ந்தது. காசநோயாளர்களைச் சானடோரியத்தில் சேர்த்தே குணப்படுத்த வேண்டும் என ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழை நோயாளர்களைத் தத்தம் இல்லங்களிலேயே இருக்கச் செய்து மருந்து அளித்துப் பார்த்தது. அவர்களும் சானடோரியத்தில் இருந்தோரைப் போன்றே குணமடைந்தனர் என்பது 1959ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையால் உலகிற்குத் தெரியவந்தது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவதில் ஒரு தேவை மட்டும் இருந்தது. நோயாளர் நாள் தவறாது மருந்து உண்ணுகிறாரா என்பதை ஒருவர் அன்புடன் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். இன்று காசநோய்த் திட்டத்தில் பணியாற்றும் சிகிச்சைத் துணைவர் என்பவர் இத்தேவையிலிருந்து தோன்றியவரே. புகைபிடிப்பதை விடுபவருக்கும் இத்தகைய துணைவர் ஒருவர் வேண்டும்.

விட்ட பின்னர் நிகழ்வன

துணைவராக இருப்பவர், விட்ட பின்னர் உடலில் நிகழும் மாற்றங்களை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். கடைசிப் புகைக்குப் பின் 20 நிமிடங்களில் நாடித்துடிப்பு தணியத் தொடங்குகின்றது. ஓரிரு நாட்களில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்ஸைடு இயல்பான அளவிற்கு வந்துவிடுகின்றது. பிராணவாயுவைச் சுமந்து செல்ல வேண்டிய ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டிருந்த வாயு இதுவே. இது நீங்கியவுடன் உடலுக்குக் கூடுதலான பிராணவாயு கிடைக்கின்றது. ஓராண்டில், இதய இரத்தக்குழாய் நோயின் கூடுதல் அபாயம் ஏறத்தாழ பாதியாகின்றது. பத்து ஆண்டுகளில், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைபிடிப்பவருக்கு உள்ளதில் பாதியளவாகக் குறைகின்றது.

இந்நன்மைகள் யாவும் பின்னர் வருவன; தொல்லைகளோ முதலில் வந்துவிடுகின்றன. எரிச்சல், அமைதியின்மை, தூக்கக் குறைவு, மிகுந்த பசி, மலச்சிக்கல், ஒரு வேலையில் மனம் ஊன்றாமை ஆகியவை முதல் இரண்டு, மூன்று நாட்களில் மிகுந்து, பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் தணிகின்றன. சிலருக்கு இருமலும் சளியும் சில நாட்கள் கூடுவதுண்டு. மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடியும் வேலை செய்யத் தொடங்குவதன் விளைவாக இது இருக்கலாம். ‘பீடியை விட்டதால்தான் இருமல் வந்தது’ என்று எண்ணி மீண்டும் பிடிக்கத் தொடங்குவோர் உளர். ஆகவே இதனை முன்னரே கூறிவைத்தல் வேண்டும். ஆனால் தங்கவயல் போன்ற இடத்தில் இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், சளியில் இரத்தம் காணப்பட்டாலும், காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தாலும், தாமதியாது சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

துணைவர் செய்ய வேண்டுவன

முதலாவது, கேட்டல். ‘அண்ணே, பீடியை விடுவது பற்றி எப்போதாவது நினைத்ததுண்டா?’ என்னும் ஒரு கேள்வியே போதுமான தொடக்கமாகும். உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை கூறும் சுருக்கமான அறிவுரையும் பயன் தருவதே. மகப்பேறு நலத்திற்காகவோ கொசு ஒழிப்பிற்காகவோ வீட்டிற்குச் செல்லும் பணியாளர், இதற்கெனத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நாள் குறித்தல். இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளை அவரையே தேர்ந்தெடுக்கச் செய்தல் வேண்டும். பேரக்குழந்தையின் பிறந்தநாளாகவோ, மாதத்தின் முதல் நாளாகவோ அது இருக்கலாம். அந்நாளை வீட்டாரும் நெருங்கிய நண்பரும் அறிந்திருத்தல் நலம். நால்வர் அறியச் செய்த உறுதி எளிதில் தளராது. அதற்கு முந்தைய இரவே வீட்டிலுள்ள பீடிக்கட்டு, தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, நாட்டம் எழும் வேளையில் உடனிருத்தல். புகைபிடிக்க வேண்டும் என்னும் தவிப்பு அலை போல் எழுந்து, பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்நேரத்தைக் கடத்த நான்கு எளிய வழிகள் உள்ளன. சற்றுப் பொறுத்தல், ஆழ்ந்து மூச்சு விடுதல், மெல்ல நீர் அருந்துதல், வேறொரு வேலையில் கையைச் செலுத்துதல் என்பன அவை. சீரகம், கிராம்பு, ஏலக்காய் போன்ற ஒன்றை வாயிலிட்டு மெல்லுவதும் சிலருக்கு உதவுகின்றது. துணைவர் அருகிலிருந்து பேச்சுக் கொடுத்தாலே அவ்வலை கடந்துவிடுவதைக் காணலாம். காலைத் தேநீரே தூண்டுகோலாக இருப்பின், சில வாரங்கள் அதனை வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ அருந்தச் செய்யலாம்.

நான்காவது, தொடர்ந்து விசாரித்தல். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பின்னர் வாரம் ஒருமுறையாக ஒரு மாதம், அதன்பின் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என ஒரு வரிசையை வைத்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே மிகப் பலர் மீண்டும் பிடிக்கத் தொடங்குகின்றனராகையால், அவ்வாரத்தில் அடிக்கடி சென்று காண்பது மிக அவசியம்.

ஐந்தாவது, மருத்துவ உதவிக்கு வழிகாட்டல். காலையில் எழுந்த அரை மணி நேரத்திற்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு நிகோடின் அடிமைத்தனம் மிகுதி எனக் கொள்ளலாம். அத்தகையோருக்கு நிகோடின் மெல்லும் பசை, நிகோடின் ஒட்டு, புப்ரோபியான், வரனிக்கிளின் போன்றவற்றுள் தக்கதை மருத்துவர் பரிந்துரைப்பார். நிகோடின் பசையை மிட்டாய் போல் விடாது மெல்லுதல் தவறு. சில முறை மென்று, காரம் தோன்றியவுடன் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடியும் மெல்ல வேண்டும். அதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து தேநீர், காப்பி, பழச்சாறு ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். இன்றேல் நிகோடின் வாயில் சரிவர உறிஞ்சப்படாது.

தவிர்க்க வேண்டுவன

ஊக்கம் என்னும் பெயரால் துன்புறுத்துவதும் உண்டு. ஒவ்வொரு மாலையும் வாயை முகர்ந்து பார்த்தல், பிறர் முன்னிலையில் பழித்தல், ‘உன்னால் ஆகாது என்று எனக்கு அப்போதே தெரியும்’ எனக் கூறுதல் ஆகியவை விடுபவரை மறைந்து பிடிக்கும்படி செய்யுமேயன்றி விடும்படி செய்யமாட்டா. முதல் வாரத்தில் அவர் சிடுசிடுத்துப் பேசினால், அது நிகோடின் குறைவதால் உண்டாவது என வீட்டார் உணர்ந்து பொறுத்தல் வேண்டும். சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்த ஒருவரிடம், ‘உன் நோய்க்கு உன் பீடியே காரணம்’ என்று கூறுவது நியாயமும் அன்று, உண்மையும் அன்று. கல்தூசியின் பங்கை மறைக்காமல் கூறி, மிச்சமுள்ள மூச்சைக் காத்துக்கொள்ளும் வழியாகவே புகையை விடுவதை எடுத்துரைத்தல் வேண்டும்.

பீடிக்கு மாற்றாக வாயிலடக்கும் புகையிலையையோ, புகையிலை சேர்த்த தாம்பூலத்தையோ மேற்கொள்வது விட்டதாகாது. நிகோடின் அடிமைத்தனம் அவ்வாறே நீடிப்பதுடன், வாய்ப் புற்றுநோயின் அபாயமும் சேர்கின்றது.

தங்கவயலில் துணை கிடைக்கும் இடங்கள்

சுரங்கத் தொழில் தங்கவயல் மக்களுக்கு ஒரு நெறியைக் கற்பித்துள்ளது. ஆழ்சுரங்கத்தில் பாறை வெடிப்பு எந்நேரமும் நிகழக்கூடும். அங்கு உடன் உழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை அறியாமல் எவரும் இருப்பதில்லை. ஒருவர் சிக்கிக்கொண்டால் அவரை மீட்க மற்றவர் செல்வது பேசி முடிவு செய்ய வேண்டிய காரியமாகக் கருதப்படவில்லை. இவ்வுணர்ச்சி சுரங்கத்துடன் மூடப்பட்டுவிடவில்லை. அதனைப் புதியதொரு காரியத்திற்குப் பயன்படுத்துவதே பணியாளரின் திறமை.

சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் ஒருவருடைய இருமல் அடுத்த வீட்டிற்குக் கேட்கும். அதே நெருக்கம் துணைக்கும் இடமளிக்கின்றது. ஒரே லைனில் விட விரும்பும் மூவர், நால்வரை ஒரே நாளில் விடச் செய்து, மாலையில் புகையில்லாத ஓரிடத்தில் கூடச் செய்யலாம். முன்னரே விட்டு நிலைத்த ஒரு முதியவர் அக்கூட்டத்தில் இருப்பது நூறு சுவரொட்டிகளைவிடப் பயன் தரும். புத்தகங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் படித்துத் தாமே விட முயல்வோரைவிட, குழுவாகக் கூடி விட முயல்வோர் வெற்றி பெறும் வாய்ப்பு மிகுதி என்பது பல ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டுள்ளது.

சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், தங்கவயல் மக்கள் பல்லாயிரவர் மாரிகுப்பம், சாம்பியன், கோரமண்டல், உரிகம் நிலையங்களில் நாள்தோறும் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். நாள்தோறும் ஒரே பெட்டியில் ஒரே முகங்களைக் காணும் இப்பயணமும் ஒரு வாய்ப்பாகும். ரயில் வண்டியில் புகைபிடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்யும் விதிகளும் நடைமுறையில் உள்ளன. எனவே பயண நேரம் முழுவதும் இயல்பாகவே புகையின்றிக் கழிகின்றது. இடர்ப்பாடு நிலையத்திற்கு வெளியே, தேநீர்க் கடையில்தான் உள்ளது. உடன் பயணம் செய்யும் ஒருவர், ‘வா தம்பி, நேரே வீட்டுக்குப் போகலாம்’ என்று அழைத்துச் செல்வாராயின், அன்றைய தினத்தின் கடினமான பத்து நிமிடங்கள் கடந்துவிடும்.

பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையும் இலவசமாகக் கிடைக்கின்றது. 2016ஆம் ஆண்டில் டில்லியிலுள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் தொடங்கப்பட்ட தேசியப் புகையிலை ஒழிப்புத் தொலைபேசிச் சேவையின் எண் 1800-11-2356 ஆகும். 2018ஆம் ஆண்டில் இச்சேவை விரிவாக்கப்பட்டபோது, தென்னிந்திய மொழிகளுக்கான மையம் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் அமைக்கப்பட்டது. ஆகையால் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசலாம். மும்மொழியும் வழங்கும் தங்கவயலுக்கு இது மிகவும் ஏற்றது. 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொட்டலங்களின் மீதே இவ்வெண் அச்சிடப்படுகின்றது. எழுத்தறியாத முதியவருக்கு முதன்முறையாக இவ்வெண்ணை அழைத்துத் தருவதும் துணைவரின் கடமையே. நேரில் சிகிச்சை பெற விரும்புவோருக்கு, 2002ஆம் ஆண்டு முதல் நிம்ஹான்ஸிலும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் நடைபெற்றுவரும் புகையிலை விடுப்புச் சிகிச்சைப் பிரிவுகள் உதவும்.

ஆசிரியர்களின் பங்கு

பள்ளிக்கு 100 கஜ தூரத்திற்குள் புகையிலைப் பொருள்களை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். அப்பொருள்களை வாங்குவதற்கு உரிய வயது வரம்பு கர்நாடகத்தில் 2025ஆம் ஆண்டில் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. இவற்றைக் கண்காணிப்பதோடு, வீட்டில் விட முயலும் பெற்றோருக்கு மாணவர் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதையும் ஆசிரியர் கற்பிக்கலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ‘உங்கள் வீட்டில் யார் புகைபிடிக்கிறார்கள்?’ என வகுப்பில் கேட்பது கூடாது. தந்தையைப் பற்றிப் பிறர் முன் கூற நேரும் குழந்தை நாணமுறும். வீட்டில் மனத்தாங்கலும் விளையும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்களின் செயலை அறிவியல் பாடத்தில் விளக்கலாம். நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடியின் விலையை 365ஆல் பெருக்கி, அத்தொகையில் எத்தனை குறிப்பேடுகள் வாங்கலாம் எனக் கணக்குப் பாடத்தில் காணச் செய்யலாம். தந்தையோ பாட்டனாரோ விட்ட நாள் முதல் நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு குறியிடும் பொறுப்பைக் குழந்தைக்கு அளிக்கலாம் எனப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துரைக்கலாம். குழந்தை காவலனாக ஆகலாகாது. கணக்குப்பிள்ளையாக இருந்தால் போதும். ஆசிரியர் தாமே புகைபிடிப்பவராயின், தாமும் விட முயல்வதை மறைக்காமல் சக ஆசிரியரிடம் கூறித் துணை தேடிக்கொள்வது அவருக்கும் பள்ளிக்கும் நன்மை பயக்கும்.

மீண்டும் பிடித்துவிட்டால்

திருமணத்திலோ துக்க வீட்டிலோ ஒருவர் தவறி ஒரு பீடி பிடித்துவிடக்கூடும். அன்றே யாவும் பாழாயிற்று எனக் கருதி முன்போல் தொடங்கிவிடுவதே பெருந்தவறு. ஒரு பீடியுடன் நிறுத்திக்கொண்டவருக்கு அதுவரை கழிந்த நாட்களின் பயன் அழிந்துபோவதில்லை. நிலையாக விட்டவருள் பலர் பன்முறை முயன்றே வென்றவர்கள். ஆகவே துணைவர், ‘ஏன் பிடித்தாய்?’ என்று வினவுவதற்குப் பதிலாக, ‘எங்கே, யாருடன் இருந்தபோது பிடிக்க நேர்ந்தது?’ என்று கேட்டறிதல் வேண்டும். அவ்விடத்தை அடுத்த முறை எவ்வாறு கடப்பது என்பதை இருவரும் சேர்ந்து வகுத்துக்கொள்ளலாம். முன்னைய முயற்சியில் 20 நாட்கள் தாக்குப்பிடித்தவருக்கு, அந்த 20 நாட்களை நினைவூட்டுவதே சிறந்த ஊக்கமாகும்.

முடிவுரை

புகையிலையை விடுவித்தல் பெரிய மருத்துவமனைகளுக்கும் நிபுணர்களுக்கும் மட்டுமே உரிய பணியன்று. ஒரு கேள்வி, குறித்த ஒரு நாள், முதல் வாரத்தில் மூன்று முறை விசாரித்தல், ஒரு தொலைபேசி எண், பழியாத ஒரு சொல் ஆகியவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அளிக்க இயலும். இவற்றிற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒவ்வொருவரும் தம் பகுதியில் விட விரும்பும் ஒருவரை இம்மாதத்திலேயே தேர்ந்து, ஆறு மாதம் அவருக்குத் துணை நிற்பாராக. அவர் விட்டு நிலைத்த பின், அடுத்தவருக்கு அவரே துணைவராவார். தங்கவயலில் கல்தூசியால் முன்னரே நலிந்துள்ள நுரையீரல்களுக்கு இவ்வுதவி காலம் தாழ்த்தாது சென்று சேர வேண்டும்.